ஆணியில் ஒற்றை வில்லை

கவென்ட்ரி
14 மார்ச் 1971

அக்காவுக்கு எம்ரிஸ் எழுதுவது.

தபால்காரர்கள் ஒருவழியாக வேலைநிறுத்தத்தை முடித்துக்கொண்டார்கள். ஜனவரியிலிருந்து உங்கள் சேதி தெரியாமல் தவித்துப் போனேன். அம்மாவின் நெஞ்சுச் சளி குறைந்ததா? உன் கணுக்கால் வீக்கம் இறங்கியதா? எனக்குக் குறை ஒன்றும் இல்லை. முழங்கால் மட்டும் மழை வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. வீட்டுக்காரி ஐவி சுகமாக இருக்கிறாள். சுகமாக இருப்பதால்தான் என்னைத் திட்ட அவளுக்குத் தெம்பு இருக்கிறது.

திட்டு எதற்கென்றால், காசுக்கு. பிப்ரவரியில் பழைய காசு போய்ப் புதுக் காசு வந்ததே, அன்று பிடித்த பித்து. இத்தனை வருஷம் என் கால்சட்டைப் பையில் குலுங்கிய பெரிய பென்னிகளை வங்கிக்காரன் சாக்கில் கொட்டிக் கட்டியதைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒன்றாக எடுத்து வைக்க ஆரம்பித்தேன். நூலக மாடியில் கூடும் நாணயச் சங்கத்திலும் சேர்ந்துவிட்டேன். முதல் நாளே மானம் போயிற்று. விக்டோரியா காலத்துப் பென்னி ஒன்றைப் பாலீஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுபோய் நீட்டினேன். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். "என்னய்யா, உயிரோட தோலை உரிச்சுட்டீரே!" என்றார். பழைய காசைத் தேய்க்கவே கூடாதாம். அழுக்குதான் அதற்கு அழகாம்.

போன வாரம் சந்தைக்குப் போனேன். அங்கே கடை போட்டிருந்த ஹில்டா என்ற பெண்மணியின் மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி நிறையத் தகரமும் பித்தளையுமாகக் கிடந்தன.

"அதுல என்னம்மா?"

"அது காசு இல்ல, டோக்கன். உங்க சங்கத்துப் பெரிய மனுசங்க குனிஞ்சு பாக்க மாட்டாங்க. இடுப்பு பிடிச்சுக்கும்."

நான் குனிந்தேன். குனிந்தவன் நிமிர ரொம்ப நேரமாயிற்று. கூட்டுறவுக் கடையில் ஒரு ரொட்டிக்கு ஒரு டோக்கன். டிராமுக்கு ஒன்று. ஆலைச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு கோப்பை டீக்கு ஒன்று. காசில் இருப்பது ராஜாவின் முகம். டோக்கனில் இருப்பது அதைத் தொட்டவனின் ஊரும் வேலையும். காசெல்லாம் எனக்கு அன்றைக்கே சப்பென்று போய்விட்டது.

பரணில், அத்தானின் ஷெட்டில், இப்படி ஏதாவது கிடக்கிறதா பார். அத்தான் இருந்தவரை எதையும் தூக்கிப் போட்டதில்லையே.

அம்மாவுக்கு என் முத்தம்.
உன் தம்பி,
எம்ரிஸ்


நான்ட்வென்
29 மார்ச் 1971

தம்பி எம்ரிஸுக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு இருமல் இறங்கி, வாய் ஏறிவிட்டது. ஆகவே நலம். என் கணுக்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி இனிக் கேட்காதே. ஐவிக்கு என் அனுதாபம்.

எதிர்வீட்டுப் பெய்னன் அம்மா பிப்ரவரியில் போய்விட்டாள். தபால் இல்லாததால் உனக்குச் சொல்ல முடியவில்லை. குளிர்காலம் முழுக்க வாசல் தாண்டாத நம் அம்மா, சவ ஊர்வலத்துக்கு நடந்தே வந்தாள். சுரங்கம் வெடித்து, உள்ளேயே சுவர் வைத்து அடைக்கப்பட்ட எட்டுப் பேரின் வீட்டுக்காரிகளில் இனி அம்மா ஒருத்திதான் மிச்சம்.

அக்டோபரில் நாற்பது வருஷம் ஆகிறது. சுரங்க வாசல் இருந்த இடத்தில் எட்டுப் பேர் பெயரும் வெட்டி ஒரு கல் நடுகிறார்கள். துணியை இழுத்துத் திறக்கப்போவது நீ. நான்தான் உன் பெயரைக் கொடுத்தேன். இப்போதே நல்ல சட்டை ஒன்று தைத்துக்கொள்.

டோக்கன் எதுவும் இங்கே இல்லை. அத்தானின் ஷெட்டை டிசம்பரில் காலி செய்துவிட்டேன். பழைய சாமான்காரன் ஒருவன் லாரியோடு வந்து ஒட்டுமொத்தமாக அள்ளிக்கொண்டு போனான். அதற்கு அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. "யாரைக் கேட்டு வித்த?" என்றாள். துருப்பிடித்த மண்வெட்டிகளுக்கு இவ்வளவு கோபமா என்று நானும் விட்டுவிட்டேன். மருமகன் போன துக்கம் போலிருக்கிறது.

ஆணியில் தொங்கும் அப்பாவின் பித்தளைச் சுரங்க வில்லை மேல் கண் வைக்காதே. ஞாயிறுதோறும் அம்மா அதை மடியில் வைத்துத் தேய் தேய் என்று தேய்க்கிறாள். உன் செயலாளர் பார்த்தால் மூர்ச்சை போட்டு விழுவார்.

கதகதப்பாக இரு.
நெஸ்டா


கவென்ட்ரி
18 ஏப்ரல் 1971

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நேற்று மறுபடி ஹில்டாவின் கடைக்குப் போனேன். சுரங்க வில்லைகள் கொஞ்சம் வந்திருக்கின்றன என்றாள். இப்போது இவற்றுக்கென்றே சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். ஒரு கைப்பிடி அள்ளிக் கொட்டினாள். மூன்றாவதோ நான்காவதோ என் கையில் வந்தது. நான்ட்வென் சுரங்கம். 263.

எனக்குக் காது அடைத்துவிட்டது. ஹில்டா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள்.

"யாரோடது?"

"எங்கப்பாவோடது."

"அதான் கிடைச்சிருச்சே, சந்தோசப்படுங்க."

"இது கிடைக்கக் கூடாதும்மா. ஒவ்வொருத்தருக்கும் ஒரே நம்பர்ல ரெண்டு வில்லை. கீழ போறப்ப ஒண்ணை விளக்கறை ஆணியில மாட்டிட்டு விளக்கை வாங்கணும். இன்னொண்ணு ஆளோட பையில கீழ போகும். மேல வந்ததும் அதையும் அதே ஆணியில மாட்டணும். ஆணியில ஒத்தையா தொங்குச்சுன்னா ஆள் உள்ள இருக்கார். ரெண்டு தொங்குச்சுன்னா மேல வந்துட்டார்."

"உங்கப்பா?"

"வரவே இல்ல. ஆணியில இருந்ததை எங்கம்மாகிட்ட குடுத்தாங்க. இது பையில இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவரோடவே இருக்கணும்."

அவள் வில்லையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காசு வாங்காமல் என் கையிலேயே வைத்து மூடினாள்.

பையில் போகிற வில்லையை இருட்டில் விரலால் தெரிந்துகொள்ள அப்பா ஓரத்தில் அரம் வைத்து ஒரு வெட்டு வெட்டியிருந்தாரே, நினைவிருக்கிறதா? அந்த வெட்டு இதில் இருக்கிறது. என் கட்டைவிரல் போய்த் தானாக உட்கார்ந்தது.

சாயங்காலமானால் விளக்கறை ஜன்னலில் எட்டிப் பார்ப்பது நம் வேலை. "ரெண்டு தொங்குது!" என்று கத்திக்கொண்டு ஓடிவருவோம். அம்மா உடனே அவர் குளிக்க வெந்நீர் வைப்பாள். கடைசி நாள் நான் ஜன்னலிலேயே நின்றிருந்தேன். ஒன்றுதான் தொங்கிற்று. நீதான் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

உள்ளே போன வில்லை வெளியே எப்படி வந்தது, அக்கா?

எம்ரிஸ்


நான்ட்வென்
21 ஏப்ரல் 1971

எம்ரிஸ்,

நாங்கள் நலம்.

நீ ஏமாந்திருக்கிறாய். சந்தைக்காரர்கள் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள். எண்ணை வெட்டத் தெரிந்தவனுக்கு ஓரத்தில் ஒரு கோடு வெட்டத் தெரியாதா? யாரோ ஒருவனின் புகையிலை டப்பாவில் கிடந்த பித்தளைத் துண்டை வைத்துக்கொண்டு செத்தவரைக் கிளறாதே. அதைத் தூக்கி எறி.

அம்மாவுக்கு இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது. அவள் பெயருக்குத் தனியாகக் கடிதமும் போடாதே.

நெஸ்டா


கவென்ட்ரி
2 மே 1971

அக்காவுக்கு,

அம்மாவும் நீயும் சௌக்கியம்தானே. இங்கே மழை.

என் கடிதம் உன் கைக்கு வந்த அன்றைக்கே நீ பதில் போட்டிருக்கிறாய். நீ கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கே ஜனவரியில் பதில் போடுகிறவள்.

சரி, போலி என்றாய். நானும் அப்படித்தான் நம்பப் பார்த்தேன். சங்கத்துச் செயலாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "போலின்னா யாரை ஏமாத்த? ராஜா காசுக்குப் போலி அடிச்சா லாபம் உண்டு. செத்த ஊரோட பித்தளைக்கு யாருய்யா போலி அடிப்பான்?" என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, மெதுவாக, "தப்பா நினைக்காதீரு. உங்கப்பா அன்னைக்குக் கீழ போனாரா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தால் அதே கேள்வி. முதல் வில்லையை மாட்டிவிட்டு, விளக்கை வாங்கி யார் கையிலாவது திணித்துவிட்டு, பின்வழியாக நடந்துவிட்டால்? அதற்கு முந்தின நாள் அப்பாவும் அம்மாவும் போட்ட சண்டை எனக்கு ஞாபகம் இருக்கிறது. தட்டு உடைந்தது. எங்கோ மிட்லண்ட்ஸ் பக்கம் வேறு பெயரில், வேறு குடும்பத்தோடு அவர் இருந்து, அண்மையில் செத்து, அந்த வீட்டார் சாமான்களை விற்றிருந்தால்? நான் எந்தக் கல்லுக்குத் துணியை இழுப்பேன்? நிஜம் தெரியாமல் இழுக்க மாட்டேன் என்று எழுதி வைத்துக்கொள்.

ஆணியில் இருப்பதன் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு அச்சு எடுத்து அனுப்பு. சங்கத்தில் அப்படித்தான் ஒப்பிடுவார்கள். அதை நீ விற்றிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று. நேற்று ஹில்டாவிடம் இது எதில் வந்தது என்று விசாரித்தேன். ஒரு புகையிலை டப்பாவில் வந்ததாம். நான் உனக்கு டப்பா என்று எழுதவே இல்லை. உனக்கு எப்படித் தெரிந்தது?

எம்ரிஸ்


கவென்ட்ரி
6 ஜூன் 1971

அக்கா,

ஒரு மாதமாயிற்று. தபால்காரர்கள் இப்போது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அதையாவது எழுது. அப்படியில்லை என்றால் நீ வேண்டுமென்றே எழுதாமல் இருக்கிறாய்.

எம்ரிஸ்


நான்ட்வென்
30 ஜூன் 1971

தம்பி,

அம்மா நலம். நானும் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட அச்சு இதோடு இருக்கிறது. அம்மா தூங்கும்போது எடுத்தேன். இத்தனை வருஷம் தேய்த்ததில் இரண்டும் ஆறும்தான் விழுகின்றன. மூன்று இருந்த இடத்தில் ஒரு மழுங்கல். வெட்டு இல்லை. எதையும் நான் விற்கவில்லை, ஆணியில் இருக்கிறது. அப்படிக் கேட்க உனக்கு மனசு வந்ததே.

டப்பா சிவப்பு நிறம். மூடியில் ஒரு கப்பல் படம். ஹில்டாவிடம் கேட்டுப் பார், சரியாக இருக்கும். அது அத்தானுடையது.

ஷெட்டில் மேல்தட்டில் ஃபிளானல் துணி சுற்றி இருக்கும். கல்யாணமான புதிதில் ஒருமுறை துடைப்பதற்காக எடுத்தேன். கையிலிருந்து பிடுங்கினார். "அது வேலைச் சாமான். அதுல கை வைக்காத" என்றார். எம்ரிஸ், அந்த மனிதர் என்னிடம் வேறு எதற்கும் குரலை உயர்த்தியதே இல்லை. அதனால்தான் அது என் மனசில் நின்றது. உள்ளே ஒற்றையாக ஏதோ தகடு குலுங்கியது, என்னவென்று நான் பார்க்கவில்லை. அவர் போன பிறகும் திறக்கவில்லை, திறக்கப் பிடிக்கவில்லை. லாரிக்காரனிடம் நானேதான் தூக்கிக் கொடுத்தேன்.

உன் கடிதத்தில் வில்லை என்று படித்ததுமே அந்தச் சத்தமும் டப்பாவும் ஞாபகம் வந்துவிட்டன. அதை மறைக்கப் போய் நானே எழுதித் தொலைத்திருக்கிறேன்.

இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

நெஸ்டா


கவென்ட்ரி
4 ஜூலை 1971

அக்கா,

உன்னைச் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடு. ஆனால் இப்போது தெரிந்திருப்பது அதைவிட மோசம்.

கிளின் அத்தான் மீட்புக் குழுவில் இருந்தவர். குழுவிலேயே இளையவர் என்பதால், விஷவாயு இருந்தால் முதலில் விழுந்து காட்டும் பறவையின் கூண்டோடு இடிபாட்டுக்குள் நுழைந்து போனவர் அவர் ஒருவர்தான். திரும்பி வந்து கூட்டத்துக்கு முன்னால் அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "போக முடியல. யாரையும் பாக்கல." மறுநாள், உள்ளே நெருப்புக்குக் காற்று போகாதபடி சுவர் எழுப்பினார்கள்.

யாரையும் பார்க்காதவர் கையில் அப்பாவின் வில்லை எப்படி? பார்த்திருக்கிறார், தொட்டும் இருக்கிறார். அப்பா அப்போது உயிரோடு இருந்தாரா? உயிரோடு இருந்தவரை விட்டுவிட்டு ஓடிவந்து, அதை மறைக்கப் பொய் சொல்லி, அவர் மேலேயே சுவர் வைத்தார்களா? ஐவி என்னை எழுப்பி எழுப்பித் தண்ணீர் கொடுக்கிறாள். கண்ணை மூடினால் யாரோ உள்ளேயிருந்து சுவரைத் தட்டுவதுபோல இருக்கிறது.

அந்த வருஷத்திலிருந்து அவர் நம் வீட்டுக்குக் கரி சுமந்ததும், கூரை ஒழுகினால் ஏறி நின்றதும் எதற்காக? நாம் நல்ல மனசு என்று நினைத்தோம். கடைசியில் உன்னையும் கட்டிக்கொண்டார். மனச்சாட்சி உறுத்துகிறவன் செய்யும் வேலை எல்லாம் வரிசையாகச் செய்திருக்கிறார்.

நான் சும்மா இருக்கப்போவதில்லை. கல் நடும் கமிட்டிக்கு எழுதுவேன், பத்திரிகைக்கும் எழுதுவேன். மற்ற ஏழு பேரின் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.

எம்ரிஸ்


நான்ட்வென்
1 ஆகஸ்ட் 1971

எம்ரிஸ்,

சுகம் விசாரிக்கவும் சொல்லவும் இந்தமுறை விட்டுவிடுவோம்.

முப்பத்து மூன்று வருஷம் ஒருவரோடு வாழ்ந்திருக்கிறேன். அவர் இருமுவதை வைத்தே கோபமா களைப்பா என்று சொல்லிவிடுவேன். நீ ஒரு பித்தளைத் துண்டை வைத்துக்கொண்டு அவரைக் கொலைகாரன் என்கிறாய். உன்னைத் திட்டித் தீர்க்கத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை, ஏனென்றால் நானும் தூங்குவதில்லை. படுக்கையில் அவர் படுத்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். அவர் கட்டியது என்னையா, அந்த வில்லையையா? இதைக் கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டாரே என்று ஆத்திரமாக வருகிறது.

யாருக்கும் எழுதாதே. எனக்காக இல்லாவிட்டாலும் அம்மாவுக்காக நிறுத்தி வை. அவளிடம் சொல்லாமல் இனி இதைத் தாங்க என்னால் முடியாது. கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

நெஸ்டா


நான்ட்வென்
22 ஆகஸ்ட் 1971

தம்பி,

அம்மா நலம். நான் நலம். சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே நலம்.

போன ஞாயிறு சேப்பலில் ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா வழக்கம்போல ஆணியிலிருந்து வில்லையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு துணியைக் கேட்டாள். நான் துணியைக் கொடுக்காமல் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு டப்பா, வெட்டு, உன் ஹில்டா, ஒன்றையும் விடவில்லை. மயங்கி விழுவாள் என்று பயந்து பக்கத்தில் தண்ணீர் வைத்திருந்தேன்.

அம்மா முதலில் சொன்னது இதுதான்: "அந்த டப்பாவையுமா வித்த? கூறு கெட்டவளே! முப்பத்தொம்பது வருசம் அவன் கண்ணு மாதிரி காப்பாத்தினான். நீ லாரிக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துட்டு வந்து எனக்குக் கதை சொல்ற."

"உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குடி தெரியும்?"

அந்த விடியலில் அத்தான் பின்வாசல் வழியாக வந்தாராம். மூஞ்சி கழுவவில்லை, மீட்புக் குழுவின் தொப்பிகூடக் கழற்றவில்லை. சமையல்கட்டில் நின்றபடி அம்மாவின் கையில் வில்லையை வைத்தார். அப்பாவை இடிபாட்டைத் தாண்டினதும் பார்த்திருக்கிறார். பாதையோரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம், தொப்பி மடியில். உடம்பில் காயமே இல்லை, விஷவாயு. கூண்டில் பறவையும் விழுந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு எட்டு வைத்திருந்தால் இவரும் அங்கேதான். வில்லையை எடுத்துக்கொண்டு ஊர்ந்து வெளியே வந்திருக்கிறார்.

"அப்பா உயிரோட இல்லன்னு நிச்சயமா தெரியுமா?" என்று கேட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உயிரோட இருக்கிறவன் பையில இருந்து எவனாவது வில்லைய எடுப்பானா? அது இல்லாம அவன் எப்படி மேல வந்து கணக்குல சேருவான்? செத்தவன்கிட்ட இருந்துதான் எடுப்பாங்க. இது இந்தப் பள்ளத்தாக்குல தவழுற புள்ளைக்குத் தெரியும். உன் தம்பி கவென்ட்ரிக்குப் போயி கார் திருகாணி முடுக்குனதுல அதையும் மறந்துட்டானா? பெருசா சேக்கறானாம் டோக்கன்!"

எம்ரிஸ், எனக்கும்தானே அது தெரியும். எனக்கு ஏன் தோன்றவில்லை? சந்தேகம் வந்த பிறகு தெரிந்ததுகூட மறந்துபோகிறது.

அப்புறம் ஏன் பொய் சொன்னார் என்று கேட்டேன். சுரங்க வாசலில் அன்றைக்கு மற்ற ஏழு பேரின் அண்ணன் தம்பிகளும் அப்பன்மார்களும் உள்ளே இறங்கத் தயாராக இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்றார்கள். "இஃபோர் ப்ராஸர் வரைக்கும் போனேன்" என்று அப்பாவின் பெயரை எடுத்து அத்தான் சொல்லியிருந்தால் ஒருத்தன் பாக்கியில்லாமல் உள்ளே பாய்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது தடவை வெடித்து அந்த இடமே மூடிப்போயிற்று. அவர் சொன்ன பொய்யால் பிழைத்தவர்கள் இன்னும் இந்தத் தெருவில் நடமாடுகிறார்கள்.

"வில்லைய என்கிட்டதான் குடுத்தான். நான்தான் திருப்பிக் குடுத்தேன்" என்றாள் அம்மா. "எட்டு வீட்டுலயும் ஆணியில ஒண்ணு ஒண்ணுதான் தொங்குது. நான் மட்டும் ரெண்டு மாட்டினா, உன் ஆளு வரைக்கும் போனவன் என் ஆளு வரைக்கும் போகலையான்னு ஏழு பேரும் கேப்பாங்க. பெய்னன் வீட்டுக்காரி தினமும் வந்து அந்த நாற்காலியில உக்காருவா. உக்காந்ததும் அவ கண்ணு நேரா ஆணிக்குத்தான் போகும். ரெண்டை மாட்டிக்கிட்டு அவளுக்கு டீ ஊத்திக் குடுக்க எனக்குக் கை வருமா?"

கடைசியாக, அவர் கட்டியது என்னையா, அந்த வில்லையையா என்ற என் கேள்வியைக் கேட்டேன். அம்மா சிரித்தாள்.

"ஊர் உன்னைச் சொல்லலடி, என்னைச் சொல்லுச்சு. கரி சுமக்கிறான், கூரை வேயுறான், விதவைய வளைக்கப் பாக்குறான்னு. எனக்கும் முப்பத்தேழு வயசு, முடி நரைக்கல. அப்படியும் இருக்குமோன்னு நானே ஒரு மாதிரி நினைச்சேன், சொல்றதுக்கென்ன. மூணு வருசம் பொறுத்துப் பாத்துட்டு அவனைக் கூப்பிட்டு, 'எங்களுக்கு நீ செஞ்சது போதும்பா. உனக்கு ஒரு பாக்கியும் இல்ல. இனி வராத'ன்னு சொல்லிட்டேன். அவனும் தலைய ஆட்டிட்டுப் போனான். அப்புறம் வரவே இல்ல. தெருவுல பாத்தா தொப்பியத் தொடுவான், அவ்வளவுதான். நீ கார்டிஃப்ல வேலைய விட்டுட்டு அந்தப் பச்சைத் தொப்பியப் போட்டுக்கிட்டு வந்து இறங்கின பாரு, மறுநாள் வந்து நிக்குறான், வாசல் கதவு ஆடுது, சரி பண்ணட்டுமான்னு. கதவு நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு மணி நேரம் கழட்டி மாட்டினான். அன்னையிலேர்ந்துதான் அது ஆடுது."

அந்தக் கதவு இன்னும் ஆடுகிறது, எம்ரிஸ். வருஷக்கணக்கில் நான் அவரை அதற்குத் திட்டியிருக்கிறேன். இப்போது போய் அதைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன்.

"பெய்னன்காரியும் போயாச்சு" என்றாள் அம்மா. "இனி இந்த நாற்காலியில உக்காந்து மனசு உடைய ஆள் இல்ல. அந்த வில்லைய வரச் சொல்லு."

அனுப்பு.

உன் அக்கா,
நெஸ்டா


கவென்ட்ரி
29 ஆகஸ்ட் 1971

அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

இருவரும் நலமாக இருங்கள். எனக்கு என்னவென்று சொல்வது? வெட்கமாக இருக்கிறது. அப்பா ஓடிப்போனார் என்றேன், நீ விற்றிருப்பாய் என்றேன், அத்தான் கொன்றார் என்றேன். மூன்று பேரையும் கேவலப்படுத்தினேன். அத்தானிடம் மட்டும் கேட்க முடியாத மன்னிப்பு. நல்லவேளை, பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தை ஐவி தபால் பெட்டியில் போடாமல் தன் கைப்பைக்குள் வைத்திருந்தாள். என்ன அவசரம் என்கிறாள்.

வில்லை இதோடு பதிவுத் தபாலில் வருகிறது. நான் தேய்க்கவில்லை. அப்பாவின் கைபட்ட கறையும் அத்தானின் ஃபிளானல் நூலும் அதில் அப்படியே இருக்கின்றன. சிவப்பு டப்பாவையும் ஹில்டாவிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். அது உனக்கு. கல் திறக்க வரும்போது கையோடு கொண்டுவருகிறேன்.

துணியை நான் இழுக்கிறேன், அம்மாவுக்குச் சம்மதம் என்றால்.

எம்ரிஸ்


நான்ட்வென்
5 செப்டம்பர் 1971

தம்பிக்கு ஆசிகளோடு நெஸ்டா.

அம்மாவுக்குச் சம்மதம். ஆனால் முதலில் காதைத் திருகிவிட்டுத்தான் துணிப்பக்கம் விடுவாளாம். ஐவியையும் அழைத்து வா, எங்கள் வீட்டுக்கு அந்தமாதிரி மூளை தேவை. திராட்சை போட்டு அப்பம் சுட்டு வைக்கிறேன். அக்டோபரில் இங்கே குளிரும், கம்பளிச் சட்டை எடுத்து வா.

பொட்டலம் வியாழன் வந்தது. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாததால் நான் பிரித்துக் கையில் வைத்தேன். கட்டைவிரலால் ஓரத்தைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தாள். வெட்டு வந்ததும் விரல் நின்றது. தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டதையும் இதையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து உள்ளங்கையில் எடை பார்த்தாள். "இது கனமா இருக்கு" என்றாள்.

ஆணி சின்னது. அத்தானின் கம்பித் துண்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை வளைத்து இரண்டையும் கோத்து நானே மாட்டினேன். ஆடி, ஒன்றோடொன்று மோதி, 'கிணிங்' என்று ஒரு சத்தம். விளக்கறை ஜன்னலில் நின்றால் கேட்குமே, அதே சத்தம்தான்.

அம்மா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"எத்தனைடி தொங்குது?"

அவளுக்குத் தெரியும். இருந்தும் கேட்டாள்.

"ரெண்டு தொங்குதும்மா" என்றேன்.

அம்மா எழுந்து, சட்டையின் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு, "அப்பா வந்தாச்சு. வெந்நீர் வை" என்றாள்.

பெரிய பாத்திரத்தை எடுத்துத் தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்தேன்.

இப்படிக்கு,
நெஸ்டா